பாஸ்கரும் ஊர்வசியும் யாருக்குத் துணை? 71-வது தேசிய விருது: குமரி மாவட்டத்துக்காரங்க வாங்க, பேசுவோம்

கோட்டாறு_சந்தை | 2 ஆகஸ்ட் 2025, காலை 7:38

நேத்து சாயங்காலம் தேசியத் திரைப்பட விருதுகளை அறிவிச்சதுல இருந்து எங்க வாட்ஸப் குரூப்ல ஒரே அடிபிடி. அங்க என்ன எழுதினாலும் அரை மணி நேரத்துல குட்மார்னிங் படத்துக்கு அடியில போயிருது. அதான் இங்க கொண்டு வந்தேன்.

தமிழுக்குக் கிடைச்சதுல பெருசு ‘பார்க்கிங்’. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை (தெலுங்கு ‘பேபி’யோட பங்கு), பொறவு எம்.எஸ். பாஸ்கருக்குச் சிறந்த துணை நடிகர். ‘வாத்தி’ பாட்டுகளுக்கு ஜி.வி. பிரகாஷ். எல்லாம் சந்தோஷம்தான். எனக்கு உறுத்துறது வேற.

‘பார்க்கிங்’ பாத்தவங்களுக்குத் தெரியும். ஒரே வீட்டுல மேலயும் கீழயும் வாடகைக்கு இருக்கிற ரெண்டு பேரு, கார் நிறுத்துற இடத்துக்காக மல்லுக்கட்டுதாங்க. அதுல ஒருத்தர் பாஸ்கர். அவரை எடுத்துட்டா சண்டை போட ஆளே கிடையாது. அவரு யாருக்குத் துணை?

‘உள்ளொழுக்கு’ எடுத்துக்கோங்க. வெள்ளம் சூழ்ந்த வீட்டுல மகன் பிணத்தை வச்சுக்கிட்டு அடக்கம் பண்ண முடியாம காத்திருக்கிற தாய் ஊர்வசி. மொத்தப் படமும் அந்த அம்மாவுக்கும் மருமகளுக்கும் நடுவுலதான். அவங்களுக்கும் துணை நடிகை விருது. ‘பூக்காலம்’ விஜயராகவன் நூறு வயசுத் தாத்தா, கதையே அவருக்கதுதான். அவரும் துணை நடிகர், பாஸ்கரோட பங்கு.

ஒரே வருஷத்துல மூணு பேரு. வயசானவங்க கதையைச் சுமந்தாலும் அவங்களுக்குத் துணைதான்னு டெல்லியில முடிவு பண்ணியாச்சா?

மார்த்தாண்டம்_ஏட்டன் | காலை 8:05

அண்ணாச்சி, ஊர்வசி சேச்சி விஷயத்துல இதை விட்டுட்டியளே. இதே ‘உள்ளொழுக்கு’க்குக் கேரளா போன வருஷம் ஆகஸ்ட்லயே மாநில விருது குடுத்தாச்சு. அதுல அவங்களுக்கு சிறந்த நடிகை. ‘தடவு’ படத்துல நடிச்ச பீனா ஆர். சந்திரனோட பங்கு. அதே படம், அதே நடிப்பு. திருவனந்தபுரத்துல நாயகி, ரயிலேறி டெல்லி போனா துணை. களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டினா பஸ் போர்டு மாறும், அது செரி. நடிப்பு எப்படி மாறும்?

வடசேரி_தலைவர்வெறியன் | காலை 8:21

வயசு தியரி நிக்காது அண்ணாச்சி. சிறந்த நடிகர் விருதுல பாதி ஷாருக்கானுக்கு. அவருக்கு 59 வயசு. 1992ல முதல் படம், இப்பதான் முதல் தேசிய விருது. அதுவும் நம்ம அட்லி இயக்கின ‘ஜவான்’ல. இதுக்கும் நம்ம ஆளுகளே கிண்டல் பண்ணுதாங்க. ஜனங்க கொண்டாடின படத்துக்கு விருது குடுத்தா தப்பு, நாலு பேரு பாத்த படத்துக்குக் குடுத்தா கலை. நல்லா இருக்குவே உங்க நியாயம்.

கோட்டாறு_சந்தை | காலை 8:40

> அவருக்கு 59 வயசு

நல்லதாப் போச்சு, நீயே எடுத்துக் குடுத்துட்ட. 59 வயசு ஸ்டார் நாயகன். அதே வருஷம் நாற்பது வருஷமா டப்பிங்கும் சின்ன வேஷமுமா இருந்த மனுஷன் கதைக்க ஒரு பாதியைத் தோள்ல தூக்கினா அவரு துணை. அப்பம் வயசு இல்ல கணக்கு. போஸ்டர்ல யாரு முகம் பெருசுங்கதுதான் கணக்கு.

பழைய_புரொஜெக்டர் | காலை 9:12

மூணு தியேட்டர்ல ஆபரேட்டரா இருந்தவன், அதனால கொஞ்சம் நீளமாப் பேசுவேன், பொறுத்துக்கிடுங்க.

விருது எப்படி நடக்குதுன்னு தெரியாமலே சண்டை போடுதோம். இது 2023ல சென்சார் சான்றிதழ் வாங்கின படங்களுக்கான விருது. ரிலீஸ் தேதி கணக்கில்லை. தயாரிப்பாளர் விண்ணப்பிச்சு அனுப்பின படம்தான் போட்டியிலயே இருக்கும். அனுப்பாத படம் எவ்வளவு நல்லா இருந்தாலும் அவங்க கண்ணுல படாது. ஒவ்வொரு வருஷமும் ‘ஏன் அந்தப் படத்துக்கு இல்ல’ன்னு கேக்குத கேள்வியில பாதி இதுலயே முடிஞ்சிரும்.

பொறவு படம் ரெண்டு அடுக்கு தாண்டணும். முதல்ல மண்டலக் குழுக்கள்: வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ரெண்டு. தமிழும் மலையாளமும் தெற்குல ஒரே குழுவுக்கு முன்னால வரும், தெலுங்கும் கன்னடமும் இன்னொண்ணு. அங்க தேறினது மத்திய ஜூரிக்குப் போகும். இந்தத் தடவை தலைவர் அஷுதோஷ் கோவாரிகர். அங்க உக்காந்திருக்கிற ஆளுகள்ல நிறைய பேருக்கு நம்ம மொழி தெரியாது, சப்டைட்டில்தான். பாஸ்கருக்க குரல் ஏறி இறங்குறதுல பாதி சப்டைட்டில்ல வராது. மதுரை ஸ்லாங்கும் குட்டநாட்டு மலையாளமும் அங்க ஒரே மாதிரி வெள்ளை எழுத்துதான்.

ஆனா ஒரு விஷயம் ஏட்டன் தம்பிக்கு. விஜயராகவனுக்கு ‘பூக்காலம்’ படத்துக்கு உங்க கேரளாவே குணச்சித்திர நடிகர் விருதுதான் குடுத்துது. டெல்லியை மட்டும் ஏசுறது செரியில்ல.

மார்த்தாண்டம்_ஏட்டன் | காலை 9:20

எனக்க கேரளாவா? எனக்க ரேஷன் கார்டு தமிழ்நாடு கேட்டேளா. படம் மட்டும்தான் அந்தப் பக்கம்.

தம்மாம்_தக்கலைக்காரன் | காலை 9:47

இங்க யாரும் ‘ஆடுஜீவிதம்’ பத்திப் பேசவே இல்லையே. அதுக்குக் கேரளாவுல ஒன்பது மாநில விருது. சிறந்த நடிகர் பிருத்விராஜ், சிறந்த இயக்குநர் பிளெஸ்ஸி. ரிலீஸ் ஆனது 2024 மார்ச், ஆனா சான்றிதழ் 2023 கணக்கு, அதனால இந்த வருஷ விருதுக்குத்தான் வந்துச்சு. டெல்லியில ஒண்ணும் இல்ல. ஒரு சின்னப் பிரிவுல கூட இல்ல.

நான் லீவுக்கு வந்திருந்தப்ப எங்க வீட்டுல எல்லாரும் சேர்ந்து பாத்தோம். எங்க அம்மா பாதியில எழுந்து அடுக்களைக்குப் போயிட்டா. விமான நிலையத்துல எவனோ ஒருத்தன் வந்து ‘நான்தான் உன் முதலாளி’ன்னு வண்டியில ஏத்திட்டுப் போற சீன். நம்ம மாவட்டத்துல கல்ஃப்ல ஆள் இல்லாத தெரு சொல்லுங்க பாப்போம். எங்களுக்கு அது சினிமா இல்ல. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வச்சுக்கிடுறது இன்னும் நடக்குது. அந்த நடிப்பு நாடகத்தனமா இருக்குன்னு எவனாவது சொன்னா, அவனை ஒரு கோடைக்கு மட்டும் இங்க சவூதிக்கு அனுப்புங்க. ஏர்போர்ட்டுக்கு நானே வாறேன்.

களியக்காவிளை_பார்டர் | காலை 10:02

‘ஆடுஜீவிதம்’ இல்ல, ஆனா ‘தி கேரளா ஸ்டோரி’க்குச் சிறந்த இயக்குநர். டீசர்ல 32,000 பெண்கள்னு போட்டு, பொறவு அதை மூணுன்னு மாத்தின படம். கேரள முதலமைச்சர் நேத்தே கண்டிச்சு அறிக்கை விட்டாச்சு. எங்க கடைக்கு வாற ரெண்டு பக்கத்து ஆளுகளும் அதைப் பத்தி ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லல.

நெறியாளர் | காலை 10:10

விருதோட சேர்ந்து பேசுறவரைக்கும் பேசலாம். கட்சிப் பேச்சு ஆரம்பிச்சா அழிச்சிருவேன். போன தடவை தேர்தல் இழை எப்படி முடிஞ்சதுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

வடசேரி_தலைவர்வெறியன் | காலை 10:31

அதான் சொல்லுதேன். ஜூரி, குழு, சென்சார் தேதி எல்லாம் நம்மள மாதிரி ஆளுகளை ஏமாத்துற வேலை. சிவாஜிக்குச் சிறந்த நடிகர் தேசிய விருது கிடைக்கவே இல்ல. 1960ல கெய்ரோவுல குடுத்தான், நம்ம ஊர்ல குடுக்கல. ‘ஜெய் பீம்’ வந்த வருஷம் அதுக்கு ஒரு விருது உண்டா? ‘கர்ணன்’? ‘சார்பட்டா’? ஒண்ணும் கிடையாது. 2023 ஆகஸ்ட்ல அறிவிச்சப்ப தெலுங்கு நடிகர் நானியே உடைஞ்ச இதயம் போட்டு வருத்தப்பட்டார்.

ஆகவே உண்மையான ஜூரி ஜனங்கதான். முதல் நாள் முதல் ஷோவுல விசில் வந்தா விருது. அவ்வளவுதான்.

பழைய_புரொஜெக்டர் | காலை 10:44

சிவாஜி விஷயத்துல ஒண்ணு. நடிப்புக்கான தேசிய விருதே 1967 படங்கள்ல இருந்துதான் ஆரம்பிச்சுது. ‘பாசமலர்’, ‘கட்டபொம்மன்’ எல்லாம் அதுக்கு முந்தி. பொறவு வந்த படங்களுக்கு ஏன் குடுக்கலன்னு கேளு, அது நியாயமான கேள்வி.

விசில் பத்திச் சொல்லணும்னா, நான் கேபின்ல இருந்து கேட்டிருக்கேன் மக்கா. டைட்டில் கார்டுக்கு வாற விசிலுக்கும், இடைவேளைக்குப் பிறகு வாற விசிலுக்கும் வித்தியாசம் உண்டு. முதல் நாள் டைட்டிலுக்கு அடிக்கிறது ஆளுக்கு. நாலாவது நாள், டிக்கெட் காசு குடுத்து குடும்பத்தோட வந்தவன் ஒரு இடத்துல அமைதியாகுறான் பாரு, அதுதான் படத்துக்கு. அது வெளிய யாருக்கும் கேக்காது.

அகஸ்தீஸ்வரம்காரி | காலை 11:26

> உண்மையான ஜூரி ஜனங்கதான்

தம்பி, நம்ம மாவட்டத்துல இருந்துக்கிட்டு இதை இவ்வளவு சுலபமாச் சொல்லிர முடியாது.

கேரள அரசு சினிமாவுக்குக் குடுக்கிற மிகப் பெரிய விருது ஜே.சி. டேனியல் பேர்ல இருக்கு. 1992ல ஆரம்பிச்சது. மலையாள சினிமாவோட தந்தைன்னு அவரைச் சொல்லுதாங்க. அந்த மனுஷன் 1975ல கண்ணை மூடினது எங்க அகஸ்தீஸ்வரத்துல. பல் வைத்தியரா இருந்து பிழைப்பை ஓட்டினவர். நிலத்தை வித்து, திருவனந்தபுரம் பட்டத்துல ஸ்டூடியோ தொடங்கி, ‘விகதகுமாரன்’னு ஒரு மௌனப் படம் எடுத்தார். தயாரிப்பு, இயக்கம், நாயகன் எல்லாம் அவரே.

அதுல சரோஜினிங்கிற நாயர் பெண்ணா நடிச்சது பி.கே. ரோசி. புல்லறுத்துக் கூலி வேலை பாத்த தலித் பெண். திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டர்ல முதல் காட்சி. 1928ன்னும் சொல்லுவாங்க, 1930ன்னும் சொல்லுவாங்க. நாயர் பெண் வேஷத்துல ரோசியைத் திரையில பாத்ததும் மேல்சாதிக்காரங்க கல்லெறிஞ்சாங்க. தன் படத்தைத் தானே பாக்க அவளை உள்ள விடல. அவ குடிசைக்குத் தீ வச்சாங்க. அங்கிருந்து தப்பி ஓடினவ ஒரு லாரி ஓட்டுநரைக் கல்யாணம் முடிச்சு, ராஜம்மாள்னு பேரை மாத்திக்கிட்டு நாகர்கோவில்ல வாழ்ந்தான்னு எழுதியிருக்காங்க. தான் நடிச்ச கதையை வெளிய சொல்லாமலே வாழ்ந்திருக்கா. கல்லெறிஞ்சது ஜூரியா, அரசாங்கமா? முதல் நாள் முதல் ஷோவுக்கு டிக்கெட் எடுத்த ஆடியன்ஸ்.

டேனியல் கடன்ல மூழ்கி சினிமாவையே விட்டுட்டார். வயசான காலத்துல கேரளாகிட்ட ஓய்வூதியம் கேட்டப்ப, நீர் தமிழ்நாட்டுக்காரர்னு தள்ளிட்டாங்க. செத்து 17 வருஷம் கழிச்சு அவர் பேர்ல விருது. ‘விகதகுமாரன்’ பிரதி ஒண்ணு கூட இன்னைக்கு இல்ல.

இது தெரிஞ்ச பொறவும் விசிலை நம்பச் சொல்லாதீங்க.

முட்டம்_வாடைக்காத்து | காலை 11:40

அக்கா, ரோசி நம்ம நாகர்கோவில்லயா இருந்தாங்க? பள்ளிக்கூடத்துல எவனும் சொல்லித் தரல. கூகுள் முகப்புல 2023 பிப்ரவரியில ஒரு படம் போட்டானே, அப்பதான் நான் அந்தப் பேரையே பாத்தேன்.

களியக்காவிளை_பார்டர் | காலை 11:52

டேனியல் தமிழர்தான், நம்ம ஆளு. கேரளா அவரை எடுத்து வச்சுக்கிட்டுது.

மார்த்தாண்டம்_ஏட்டன் | காலை 11:58

எடே, படம் எடுக்கும்போ அகஸ்தீஸ்வரமும் திருவனந்தபுரமும் ஒரே திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1ல தான் நாம இந்தப் பக்கம் வந்தோம். அந்த மனுஷன் நகரவே இல்ல, எல்லைதான் நகர்ந்துது. உயிரோட இருக்கும்போ ரெண்டு பக்கத்துக்காரனும் கைவிட்டான், செத்த பொறவு ரெண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடுது.

வடசேரி_தலைவர்வெறியன் | நண்பகல் 12:20

அக்கா, நீங்க சொன்னது உண்மைதான். ஆனா அது அந்தக் காலத்துச் சாதி வெறி. இப்ப தியேட்டர்ல எவன் சாதி பாக்கான்? தலைவர் படம்னா எல்லா மதமும் ஒரே வரிசையில நிக்கும். 14ஆம் தேதி ‘கூலி’ வருது, வந்து பாருங்க.

அகஸ்தீஸ்வரம்காரி | நண்பகல் 12:41

வரிசையில சேர்ந்து நிப்பீங்க, செரி. வரிசைக்கு முன்னால திரையில யாரு, எந்த இடத்துல நிக்காங்கன்னும் பாருங்க. அந்தக் காலம் முடிஞ்சுதுன்னு சொன்னா எனக்கு ஹேமா கமிட்டிதான் ஞாபகம் வருது. மலையாள சினிமாவுல பெண்கள் படுற பாட்டை விசாரிச்சு 2019 டிசம்பர்ல அறிக்கை குடுத்தாச்சு. வெளிய வந்தது 2024 ஆகஸ்ட்ல, அதுவும் பல பக்கத்தை மறைச்சு. வெளிய வந்த பத்து நாளுக்குள்ள மலையாள நடிகர் சங்கத்தோட நிர்வாகக் குழுவே கலைஞ்சுது. நாலரை வருஷம் அந்தத் தாளு அலமாரியில இருக்கும்போ நாம எல்லாரும் அதே நடிகர்களுக்குக் கட்அவுட் வச்சுக்கிட்டுதான் இருந்தோம். மார்த்தாண்டத்துல வச்சது எனக்குத் தெரியும், ஏட்டா.

மார்த்தாண்டம்_ஏட்டன் | நண்பகல் 12:55

நான் லாலேட்டன் மோகன்லாலுக்கு மட்டும்தான் வைப்பேன் அக்கா. (பதில் சொல்ல முடியாம எழுதுதேன்னு நினைச்சுக்கிடாதீங்க. பைக்ல நிக்கேன். ராத்திரி வாறேன்.)

தோவாளை_பிச்சி | பிற்பகல் 1:30

எல்லாரும் விருதைப் பேசுறீங்க, கொண்டாட்டத்துல செத்தவங்களை யாரும் பேசல. 2023 ஜனவரி ‘துணிவு’ அன்னைக்கு சென்னை ரோகிணி தியேட்டர் வாசல்ல லாரி மேல ஏறி ஆடின பையன் விழுந்து செத்தான். அதுக்குப் பொறவுதான் விடியக்காலக் காட்சியை நிறுத்தினாங்க. ‘லியோ’வுக்கு இங்க முதல் ஷோ காலை 9 மணி. கேரளாவுல 4 மணிக்கே. அன்னைக்கு நம்ம மாவட்டத்துப் பிள்ளைங்க ராத்திரியோட ராத்திரியா பாறசாலைக்கும் திருவனந்தபுரத்துக்கும் வண்டி கட்டிப் போச்சுதுங்க. எங்க சித்தி மகனும் போனான். சித்தி கதவைத் திறந்து வச்சுக்கிட்டு விடியுறவரைக்கும் உக்காந்திருந்தா.

நாங்க மூணு மணிக்குப் பூக்கட்ட எழும்புற ஆளுக. அந்த நேரத்துக்கு எங்களுக்குத் தூக்கம் போறது பிழைப்புக்கு. இதுங்களுக்கு எதுக்கு?

வடசேரி_தலைவர்வெறியன் | பிற்பகல் 1:44

பிச்சி அக்கா, அது அனுபவம். விளக்க முடியாது. நாலு மணிக்கு வெளிய மழை, உள்ள பேப்பர் பறக்குது, பக்கத்துல இருக்கிறவன் யாருன்னே தெரியாது, அவன் தோள்ல கை போட்டு ஆடுறோம். வேலையில வாங்கின ஏச்சு எல்லாம் அந்த ரெண்டரை மணி நேரத்துக்கு மறந்து போகும். எங்களுக்கு அதைத் தவிர என்ன இருக்கு?

ஆனா படத்தை எங்ககிட்ட இருந்து புடுங்குறது வேற ஆளு. முதல் ஷோ இடைவேளையிலயே மைக்கை நீட்டிக்கிட்டு நிக்கானே யூடியூபர், அவனைத் தடை பண்ணணும். போன வருஷம் ‘கங்குவா’வுக்கு என்ன நடந்துது? மத்தியானத்துக்குள்ள படத்தைக் கொன்னு புதைச்சாச்சு.

கோட்டாறு_சந்தை | பிற்பகல் 2:15

போன நவம்பர்ல தயாரிப்பாளர்கள் அதைத்தானே கேட்டாங்க. தியேட்டர் வளாகத்துக்குள்ள யூடியூப் கேமராவை விடாதேன்னு. முதல் மூணு நாளைக்கு விமர்சனமே கூடாதுன்னு ஹைகோர்ட்டுக்கும் போனாங்க. கோர்ட்டு தடை விதிக்க மறுத்துட்டுது. மறுத்தது சரிதான். காசு குடுத்துப் பாத்தவன் வாயைக் கட்ட முடியுமா?

இதுல நம்ம ஊர்க் கதை ஒண்ணு இருக்கு. சினிமாக்காரனைப் பத்தி எழுதியே பிழைச்ச பத்திரிகை இப்ப வந்ததில்ல. 1940கள்லயே ‘சினிமா தூது’, ‘இந்துநேசன்’னு லட்சுமிகாந்தன் நடத்தினார். நடிகர் நடிகைகளோட அந்தரங்கத்தை எழுதுறது, எழுதாம இருக்கக் காசு கேக்குறது. 1944 நவம்பர்ல வேப்பேரியில அவரைக் குத்தினாங்க, மறுநாள் இறந்தார். அந்த வழக்குல தியாகராஜ பாகவதரும், நம்ம ஒழுகினசேரி கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை வாங்கி உள்ள போனாங்க. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், மறு விசாரணையில 1947ல விடுதலை. ரெண்டு பேரும் தமிழ் சினிமாவோட உச்சத்துல இருந்த ஆளுக. பாகவதர் அதுக்கப்புறம் எழும்பவே இல்ல. கலைவாணர் எழும்பினார், ‘நல்லதம்பி’, ‘மணமகள்’னு திரும்ப வந்தார்.

அந்தப் பத்திரிகையை அச்சடிச்சவனைத்தான் எல்லாரும் ஏசுவாங்க. வாங்கி ஒளிச்சு ஒளிச்சுப் படிச்சது யாரு? இதே ஜனங்க. இப்ப யூடியூப்ல ‘நடிகையோட ரகசியம்’னு தலைப்பு போட்டா லட்சம் பேரு பாக்கானே, அவனேதான்.

பழைய_புரொஜெக்டர் | பிற்பகல் 2:38

கலைவாணர் 1957ல போயிட்டார். நடிப்புக்கான தேசிய விருது பத்து வருஷம் கழிச்சு வந்துது. பாஸ்கருக்கு நேத்து அறிவிச்ச அதே விருதுக்கு, இருந்திருந்தா என்.எஸ்.கே.வைத்தான் முதல்ல நிறுத்தியிருப்பாங்கன்னு நினைக்கேன். அவரைப் போய்த் துணை நடிகர்னு சொல்ல எவனுக்கு மனசு வரும்? பாகவதர் பாட்டைக் கேட்டுட்டு வெளிய போன ஜனம், என்.எஸ்.கே.–மதுரம் சீன் வருதுன்னா ஓடி உள்ள வரும்னு எங்க முதலாளி சொல்லுவார்.

இன்னொரு கொடுமை. 2009ல இருந்து 2014 வரைக்குமான தமிழ்நாடு அரசு விருதுகளை 2017ல அறிவிச்சாங்க. மேடையேத்திக் கையில குடுத்தது 2022 செப்டம்பர்ல. எங்க வச்சு? சென்னைக் கலைவாணர் அரங்கத்துல. சில பேரு அதுக்குள்ள நடிக்கிறதையே நிறுத்தியாச்சு. சிரிக்க வச்சவர் பேர்ல இருக்கிற இடத்துல வச்சுக் குடுத்தது பொருத்தம்தான்.

முட்டம்_வாடைக்காத்து | பிற்பகல் 3:05

எங்க ஊருக்கு சூட்டிங் வராத வருஷம் கிடையாது. ‘அலைகள் ஓய்வதில்லை’ காலத்துல இருந்து பாறையும் லைட்ஹவுஸும் தேவாலயமும்தான் வேணும் அவங்களுக்கு. எங்க பேச்சு வேண்டாம். எங்க ஆளு பேசுறதா காட்டினா சென்னைக் குப்பத்துப் பாஷையிலதான் பேசுவான். அதுக்கெல்லாம் ஒரு விருது இருந்தா குடுக்கலாம்.

நான் படம் பாக்குறதே இப்ப போன்லதான். ஆழ்கடலுக்குப் போனா பத்து, பதினஞ்சு நாள். டவுன்லோடு பண்ணிட்டுப் போவோம். ‘பார்க்கிங்’ அப்படித்தான் பாத்தேன், போட்டுல பத்து பேரும். பாஸ்கர் மனைவிகிட்ட கோவப்படுற இடத்துல எவனும் சிரிக்கல. கப்பல் மேஸ்திரி மட்டும் ‘எங்கப்பன் மாதிரி இருக்கான்’னு சொன்னான். அவருக்கு எந்த விருது குடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம். பேரு எதுவா இருந்தா என்ன?

கோட்டாறு_சந்தை | பிற்பகல் 3:22

> பேரு எதுவா இருந்தா என்ன?

அதுல சம்மதிக்க முடியாது தம்பி. ஊர்வசியே இதைக் கேட்டுட்டாங்க, எந்த அளவுகோல்ல துணைன்னு முடிவு பண்ணினீங்கன்னு. கேக்க வேண்டியதுதான். விருது வாங்கினவங்க ‘நன்றி’ன்னு மட்டும்தான் சொல்லணும்னு எவன் எழுதி வச்சான்? 2018ல ஜனாதிபதி 11 பேருக்கு மட்டும்தான் கையால குடுப்பார், மத்தவங்களுக்கு அமைச்சர்னு சொன்னப்ப ஐம்பதுக்கும் மேல உள்ள ஆளுக விழாவுக்கே போகல. அதுல பலபேரு டெக்னீஷியன்கள். பேரு தெரியாத ஆளுக. அவங்களுக்கு அந்த ஒரு நாளுதான். அதுலயும் மேல்வரிசை கீழ்வரிசைன்னா வலிக்காதா?

‘முக்கிய வேஷம்’னு ஒண்ணு, ‘துணை வேஷம்’னு ஒண்ணுன்னு பிரிக்கிறது நியாயம்தான். அதைப் படத்தைப் பாத்துப் பிரி. ஆளைப் பாத்துப் பிரிக்காதே. ஊர்வசி முப்பது வருஷம் முந்தி இதே அளவு வேஷத்துல இருந்திருந்தா நாயகின்னு கண்ணை மூடிக்கிட்டு எழுதியிருப்பான்.

களியக்காவிளை_பார்டர் | மாலை 4:10

துணை நடிகை விருதுல இன்னொரு பாதி யாருக்குன்னு பாத்தீங்களா? ‘வஷ்’னு குஜராத்திப் படம், ஜான்கி போடிவாலா. சின்ன வயசுப் பொண்ணு. வசியத்துல மாட்டிக்கிட்ட மகள் வேஷம். அவளைச் சுத்தித்தான் படமே. அவளும் துணை. அப்பம் வயசானவங்களை ஒதுக்கினாங்கங்கிறது ஒக்காது. யாரை எங்க வைக்கிறதுன்னே தெரியாம இந்தத் தடவை அள்ளி ஒரே பெட்டியில போட்டாங்கன்னு சொல்லலாம்.

அகஸ்தீஸ்வரம்காரி | மாலை 4:26

குஜராத்திப் படத்துல நடிச்ச பொண்ணு, மலையாளத்து அம்மா, தமிழ்ல பாஸ்கர். மூணு பேருமே இந்திக்கு வெளிய உள்ள ஆளுக. ஷாருக், ராணி முகர்ஜி, விக்ராந்த் மாஸ்ஸி, சிறந்த நடிகர் நடிகை மூணு பேரும் இந்திப் படத்து ஆளுக. சந்தை அண்ணன் காலையில சொன்ன போஸ்டர் கணக்கு இன்னும் அப்படியேதான் நிக்குது.

வடசேரி_தலைவர்வெறியன் | மாலை 4:40

போன வருஷம் ரிஷப் ஷெட்டி கன்னடம், நித்யா மேனன் தமிழ்ப் படம், சிறந்த படம் மலையாளம். அதுக்கு முந்தி அல்லு அர்ஜுன். ஒரு வருஷத்தை வச்சு இந்தி இந்தின்னு சொல்லாதீங்க.

அகஸ்தீஸ்வரம்காரி | மாலை 4:52

செரி, அது நல்ல கேள்வி. அல்லு அர்ஜுனும் ரிஷப்பும் அந்தப் படங்கள் இந்தியில ஓடாம இருந்திருந்தா? யோசிச்சுச் சொல்லுங்க.

மார்த்தாண்டம்_ஏட்டன் | இரவு 9:15

பைக்கை நிறுத்தியாச்சு. அக்கா கேட்டதுக்கு வாறேன். கட்அவுட் வச்சேன், உண்மை. ஹேமா அறிக்கை வந்த அன்னைக்கு எங்க மன்றத்துல ரெண்டு நாள் பேச்சே இல்ல. ஒருத்தன் போர்டைக் கழட்டணும்னான், ஒருத்தன் நம்ம ஆளு பேரு அதுல இல்லையேன்னான். இன்னும் முடிவு வரல, போர்டு இன்னும் அங்கதான் இருக்கு. ஊர்வசி சேச்சிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கலாம்னு இன்னைக்கு நான் சொன்னேன். ‘நடிகைக்கு எவன்டே ஃப்ளெக்ஸ் வைப்பான்’னு கேட்டான் செயலாளர். காசு நான் போடுதேன்னு சொல்லியிருக்கேன். ‘சிறந்த நடிகை’ன்னுதான் அச்சடிப்பேன், டெல்லி என்ன சொன்னாலும்.

தோவாளை_பிச்சி | இரவு 9:31

மாலை நான் தாறேன் ஏட்டா. காசு வேண்டாம்.

வடசேரி_தலைவர்வெறியன் | இரவு 9:50

அது கிடக்கட்டும். 14ஆம் தேதி ‘கூலி’க்கு இங்க 9 மணிக்கு முன்னால விடமாட்டான். பாறசாலைப் பக்கம் எத்தனை மணி ஷோன்னு யாருக்காவது தெரியுமா? கார்ல ரெண்டு இடம் இருக்கு.

நெறியாளர் | இரவு 9:58

டிக்கெட் பேச்சுக்குத் தனி இழை இருக்கு. அங்க போங்க.

முட்டம்_வாடைக்காத்து | இரவு 10:04

ஒரு இடம் எனக்கு வே. அன்னைக்குக் கரையிலதான் இருப்பேன். போற வழியில மார்த்தாண்டத்துல அந்த ஃப்ளெக்ஸை நிறுத்திப் பாத்துட்டுப் போவோம்.